இருவருக்கான சீட்டு

எட்டு மாதம் முன்பு வாங்கியது.
பணம் திருப்பித் தரப்படாது என்று
அடியில் பொடி எழுத்தில் இருந்ததை
நீதான் உரக்கப் படித்தாய், அன்று சிரித்தோம்.

நீ வரமாட்டாய் என்று நான் வந்தேன்.
நான் வரமாட்டேன் என்று நீ.
ஆக்லாந்து படகுத்துறையில் காலை ஒன்பதுக்கு
உன் பச்சைத் தொப்பி.

காசை விடக் கூடாதே, என்றாய்.
கூடாதுதான், என்றேன்.
பதினோரு வருடத்தில் இவ்வளவு சுலபமாக
எதற்கும் நாம் ஒத்துப்போனதில்லை.

படகில் நீ மேல்தளம், நான் கீழ்த்தளம்.
நாற்பது நிமிடம்.
வைஹெகேயில் வேனோட்டி பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார்:
திரு, திருமதி பெதூன்!
அந்தப் பெயர் ஒன்றைத்தான்
முழுசாகத் திருப்பித் தர முடிந்திருந்தது.
இருந்தாலும் கை தூக்கினேன்.
வெயிலில் நின்று விளக்கம் சொல்ல
யாரால் ஆகும்.

மார்ச் மாதம். கொடிகளின் மேல் வெள்ளை வலை.
வலைக்கு வெளியே கம்பியில் மைனாக்கள்
கடன் வசூலிக்க வந்தவர்கள் போல
அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

ஊற்றிக்கொடுத்த பெண்ணின் சட்டையில் நைரீ என்று இருந்தது.
சுற்றுங்கள், முகருங்கள்,
நாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், என்றாள்.
மிளகு, என்றாய் நீ.
நனைந்த கயிறு, என்றேன்.
மிளகேதான்.
கயிறு. படகுக் கயிறு. நேற்று மழையில் கிடந்தது.
நைரீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து
புதுசாகக் கல்யாணம் ஆனவர்களா, என்றாள்.

நீ இருமினாய்.
எனக்கு அடிநாக்கில் துவர்ப்பு ஏறியது.
நல்ல ஒயினுக்கு அது வேண்டும் என்கிறார்கள்,
வாயை உலர்த்தி இன்னொரு மடக்கு கேட்க வைக்குமாம்.

மேஜைக்கு ஒரே ஒரு துப்புக் கிண்ணம்.
நீ சாய்ந்து துப்பினாய், பிறகு நான்.
வீட்டையும் காரையும் நாற்காலிகளையும்
வக்கீல் வைத்துப் பிரித்தவர்கள்
அதில் ஏழு ஒயின்களைக் கலந்தோம்.
நைரீ அதை எடுத்துப்போய்
பின்வாசல் எலுமிச்சைக்கு ஊற்றினாள்.
நன்றாய்க் காய்க்குமா, என்று கேட்டேன்.
காய்க்கும், ஆனால் யாரும் பறிப்பதில்லை.

மதியம் ஒனடாங்கி கடற்கரை.
அலை உள்வாங்கி மணல் நீளமாய்ப் பளபளத்தது.
சிவந்த அலகுப் பறவை இரண்டு
சிப்பிக்காகச் சண்டை போட்டபடி ஓடின.
நீ குளிக்கப் போனாய்.
கேட்காமலே உன் செருப்பு, போன், சாவிக்கொத்து
என் துண்டின் மேல்.
சாவிகளை எண்ணினேன், நான்கு.
வாசல் சாவியை உடனே தெரிந்தது,
பல் தேய்ந்தது, மழைக்காலத்தில் சிக்கும்,
சற்றுத் தூக்கித் திருப்ப வேண்டும்.
இதை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா?
ஈரத்தோடு நீ திரும்பி வந்தபோது
கேட்க வாயெடுத்தேன்,
உன் காதில் தண்ணீர்.
ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தாய்.

திரும்பும் வழியில் கடை.
இரண்டு பாட்டில் சேர்த்து வாங்கினால்
பதினைந்து சதவீதம் கழிவு.
நாம் பேசிக்கொள்ளவே இல்லை,
நீ ஒன்றை எடுத்தாய், நான் ஒன்றை,
ஒரே பில்லில் போடச் சொன்னோம்.
உரசி உடையாமலிருக்க நடுவில் ஒரு அட்டை செருகி
ஒரே பையில் தந்தார்கள்.

படகில் இந்த முறை இருவரும் கீழ்த்தளம்.
மேலே காற்று, அவ்வளவுதான் காரணம்.
பை நம் கால்களுக்கு நடுவே.
அட்டையையும் மீறி
வழி முழுக்க ஏதோ கிணுங்கிற்று.

துறையில் உன் பேருந்து இடப்பக்கம்,
என்னுடையது தபால் நிலையம் தாண்டி.
நீ உன் பாட்டிலை உருவிக்கொண்டாய்.
பையை நீயே வைத்துக்கொள், என்றாய்.
சரி, என்றேன்.
நாலடி நடந்து திரும்பி வந்தாய்,
செருப்பிலிருந்து மணல் உதிர.

அந்த அட்டை
உனக்கு வேண்டுமா?